கப்பலும் பழமரமும்

1

படம் பாதி ஓடியிருக்கும். பெரு நாட்டு மழைக்காட்டில் ஒரு நீராவிக் கப்பலை மலைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சேறு, கம்பிவடம், கப்பிகள், அடிக்கடி பழுதாகி நிற்கும் புல்டோசர், கூட்டம் கூட்டமாகப் பழங்குடி மக்கள். கப்பல் கொஞ்சம் ஏறுகிறது, நிற்கிறது, வழுக்குகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அறை நண்பன் கேட்டான்: “இத்தனை பேருக்கும் யாருடா சோறாக்குறா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதன் தன் கனவுக்காக ஒரு மலையையே எதிர்த்து நிற்கிறான், இவனுக்குச் சோறு ஞாபகம் வருகிறது என்று நினைத்தேன். பதில் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பதைவிட, எழுதிக்கொண்டிருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது சரியாக இருக்கும். அதற்காக வேலையை விட்டிருந்தேன். அறை வாடகையை நாலு மாதமாக அவன் ஒருவனே கட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி ரசம் வைத்ததும் அவன்தான். இதெல்லாம் அந்தக் கேள்வியோடு சம்பந்தப்பட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாவல் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படம் எதைப் பார்த்தாலும் இப்போது அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில படங்களைத் திரும்பப் பார்த்ததுதான்.

2

அன்று பார்த்த படம் லெஸ் பிளாங்க் எடுத்த ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ (1982). வெர்னர் ஹெர்சாக் தன்னுடைய ‘ஃபிட்ஸ்கரால்டோ’வை எடுத்த கதை. இணையத்தில் இந்தப் படத்தின் துண்டுக் காட்சிகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காட்டின் நடுவே நின்றுகொண்டு, இங்கே பறவைகள்கூடப் பாடவில்லை, வலியில் கத்துகின்றன என்று ஹெர்சாக் பேசுகிற துண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானோர் முழுப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு அவசியம் இல்லை என்று அந்தத் துண்டே நம்மை நம்பவைத்துவிடுகிறது.

விஷயம் இதுதான். ரப்பர் வியாபாரத்தில் காசு பார்த்து, காட்டுக்குள் ஓபரா அரங்கம் கட்ட நினைக்கும் ஒருவன், ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கப்பலை மலை தாண்டிக் கொண்டுபோகிறான். இதற்கு மூலமான கார்லோஸ் ஃபெர்மின் ஃபிட்ஸ்கரால்ட் என்ற நிஜமான ரப்பர் முதலாளி, கப்பலைப் பகுதி பகுதியாகக் கழற்றித்தான் கொண்டுபோனார். அது சிறிய கப்பலும்கூட. ஹெர்சாக் 320 டன் கப்பலை முழுசாக இழுக்க வேண்டும் என்றார். மாதிரிக் கப்பல் வைத்து ஸ்டுடியோவில் எடுக்கலாமே என்ற யோசனையை மறுத்தார். மலைச்சரிவைக் குறைக்கச் சொன்ன பிரேசில் நாட்டுப் பொறியாளர், உயிருக்கு உத்தரவாதம் இல்லையென்று விலகிப்போனார். முதலில் போட்ட முகாமை 1979 டிசம்பரில் அகுவாருனா மக்கள் எரித்தார்கள். கதாநாயகனாக நடித்த ஜேசன் ரொபார்ட்ஸ், படம் ஏறக்குறைய நாற்பது சதவீதம் முடிந்த நிலையில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊர் திரும்பினார். கூட நடித்த மிக் ஜாகர் வேறு வேலை இருந்ததால் போய்விட்டார். ஹெர்சாக் எடுத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கிளவுஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதையெல்லாம் அடுக்கும்போதே ஒரு சாகசக் கதையின் வேகம் வந்துவிடுகிறது, பாருங்கள். சிக்கலே இங்குதான் இருக்கிறது. பித்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாக்கியங்களுக்கே பித்து பிடித்துவிடுகிறது.

இந்தத் திட்டத்தைக் கைவிட்டால் நான் கனவில்லாத மனிதனாகிவிடுவேன், அப்படி வாழ விரும்பவில்லை என்ற பொருளில் ஹெர்சாக் படத்தில் சொல்கிறார். இருபத்து மூன்று வயதில் அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்று கேட்டாலும் அப்படித்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்று அந்த வாக்கியத்தில் யார் இல்லை என்பதும் கண்ணில் படுகிறது. கப்பலை இழுத்தவர்களுக்கு அது கனவு கிடையாது, கூலி வேலை. படப்பிடிப்பு நடந்த வட்டாரத்தில் வேறொரு பழங்குடியினரின் அம்பு பாய்ந்து காயப்பட்டவர்களையும் படம் காட்டுகிறது. அவர்களுடைய கனவு என்ன என்று ஹெர்சாக்கின் வாக்கியத்தில் இடம் இல்லை.

ஆனால் லெஸ் பிளாங்கின் கேமராவில் இடம் இருக்கிறது. இதைத்தான் நான் முதல்முறை பார்க்கத் தவறினேன். பிளாங்க் அடிப்படையில் சாப்பாட்டையும் பாட்டையும் படம் எடுத்தவர். இதற்கு முன்பு பூண்டைப் பற்றியே ஒரு முழுப் படம் எடுத்திருக்கிறார். ஹெர்சாக் ஒரு பந்தயத்தில் தோற்றுத் தன் செருப்பைச் சமைத்துத் தின்றதைக் குறும்படமாக எடுத்தவரும் அவர்தான். காட்டுக்குள் வந்தும் அவர் கேமரா அதே பழக்கத்தில் திரும்புகிறது. ஹெர்சாக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பிளாங்க் மரவள்ளிக் கிழங்கை மென்று துப்பி மசாட்டோ என்கிற பானம் தயாரிக்கும் பெண்களிடம் போகிறார். சமைக்கிறவர்களையும் வேலை இல்லாத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களையும் காட்டுகிறார். படத்தின் பாதி நேரம் யாரோ சாப்பிடுகிறார்கள் அல்லது காத்திருக்கிறார்கள்.

என் நண்பனின் கேள்விக்குப் படத்திலேயே பதில் இருந்திருக்கிறது. நான்தான் ஹெர்சாக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். துண்டுக் காட்சிகளை வெட்டி இணையத்தில் போடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். பிளாங்க் சோற்றோடு பரிமாறிய பித்தை, நாம் சோற்றை ஒதுக்கிவிட்டுத் தனியாகத் தின்கிறோம்.

3

கேமராவுக்கு ஏன் பித்து இவ்வளவு பிடிக்கிறது?

கலை உருவாகிற நேரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை என்பது முதல் காரணம். ஒருவர் உட்கார்ந்திருப்பார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார், எழுதியதை அடிப்பார். இதை எத்தனை நிமிடம் காட்ட முடியும்? ஆகவே கேமராவுக்குக் கண்ணில் படுகிற ஏதாவது வேண்டும். கோபம், வியர்வை, கிழித்துப் போட்ட தாள், மலைமேல் கப்பல்.

இந்தச் சிக்கலை நேரடியாக எடுத்துக்கொண்ட படம் ஹென்றி ஜார்ஜ் குளூஸோவின் ‘தி மிஸ்டரி ஆஃப் பிக்காஸோ’ (1956). மை மறுபக்கம் ஊறித் தெரிகிற தாளில் பிக்காஸோ வரைகிறார். கேமரா தாளுக்குப் பின்னால் நிற்கிறது. ஓவியர் தெரிவதில்லை, கை தெரிவதில்லை, கோடு மட்டும் தானாக முளைத்து ஓடுகிறது. ஒளிப்பதிவு செய்த குளோத் ரெனுவார், ஓவியர் ரெனுவாரின் பேரன். குளூஸோ திகில் படங்களின் ஆசாமி. ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெடிமருந்து லாரி பள்ளத்தில் விழுமா என்று நம்மைத் தவிக்கவிட்டவர், இங்கே ஒரு கோடு எங்கே போகும் என்று தவிக்கவிடுகிறார்.

ஒரு கட்டத்தில் ஃபிலிம் சுருள் தீரப்போகிறது. மிச்சம் இவ்வளவுதான் என்கிறார் குளூஸோ. பிக்காஸோ அந்தக் கெடுவை ஏற்று வரைகிறார். பூங்கொத்து மீனாகிறது, மீன் கோழியாகிறது, கோழி முகமாகிறது. உண்மையிலேயே அற்புதமான காட்சிதான். ஆனால் அது ஒரு பந்தயமும்கூட. கலையைக் கடிகாரத்தோடு ஓடவிட்டால்தான் நாம் நாற்காலியின் நுனிக்கு வருவோம் என்று குளூஸோவுக்குத் தெரியும்.

இன்னோர் இடத்தில் படம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. ஒரு பெரிய படத்தை வரைந்து முடித்ததும், பார்ப்பவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் வரைந்ததாக நினைப்பார்கள் என்று பேச்சு வருகிறது. உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று? ஐந்து மணி நேரம். கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாலே முக்கால் மணி நேரத்துக்கும் மேலான காலம் எங்கே போயிற்று? பிக்காஸோ யோசித்த நேரம், சலித்த நேரம், காய்வதற்குக் காத்திருந்த நேரம் எல்லாம் அதில்தான் இருந்திருக்கும். மர்மம் என்று தலைப்பில் போட்டுவிட்டு, மர்மம் இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

குளூஸோவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிறகு வந்த நூறு படங்களின் இலக்கணம் இங்கே இருக்கிறது. மேதை என்றால் வேகம், அல்லது வெறி, அல்லது இரண்டும். இப்படி ஐந்து மணி நேரத்தைப் பத்து நிமிடமாகப் பார்த்துப் பழகியவன் தானும் ஒரு நாள் மேஜையில் உட்காருகிறான். இரண்டாவது மணி நேரத்தில் எதுவும் வரவில்லையென்றால் தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டுகிறான். அல்லது, அதைவிட மோசமாக, தனக்கு வெறி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வெறியைப் பயிற்சி செய்ய ஆரம்பிக்கிறான். நான் இரண்டாவது வகை.

4

வெறி போதாமல் போனதால் கலைஞன் ஆகவில்லை என்று நம்புகிற யாருக்கும் நான் சிபாரிசு செய்யும் படம் டெர்ரி ஸ்விகாஃபின் ‘க்ரம்’ (1994). அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் க்ரம்மைப் பற்றியது. ஸ்விகாஃப் அவருடைய நண்பர், அவரோடு ஒரே இசைக்குழுவில் வாசித்தவர். அந்த நெருக்கம் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்குள் கேமரா நுழைந்திருக்கவே முடியாது.

படம் ராபர்ட்டைப் பற்றியது என்று நினைத்து உட்காருவோம். அரைமணி நேரத்தில் அவருடைய அண்ணன் சார்ல்ஸ் வந்துவிடுவார். அதன் பிறகு வேறு யாரும் மனதில் நிற்கமாட்டார்கள். சின்ன வயதில் வீட்டில் காமிக்ஸ் பைத்தியத்தைத் தொடங்கி வைத்தது சார்ல்ஸ்தான். தம்பிகளை உட்காரவைத்து வரையச் செய்ததும் அவர்தான். டிஸ்னியின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படம் அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. அதையே திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ராபர்ட் வீட்டைவிட்டு வெளியேறி உலகப் புகழ் பெற்றார். சார்ல்ஸ் நடுவயதிலும் அம்மாவின் வீட்டு மாடியறையில், மருந்து மாத்திரைகளோடு, பழைய புத்தகங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருக்கிறார். பேசும்போது பல் போன வாயால் சிரிக்கிறார். அந்த வீட்டிலேயே கூர்மையான நகைச்சுவை அவருடையதுதான்.

சார்ல்ஸின் பழைய நோட்டுகளை ராபர்ட் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுகிற காட்சி ஒன்று உண்டு. முதலில் படங்கள், பேச்சுக் குமிழிகள். பக்கம் நகர நகரக் குமிழிகள் பெருக்கின்றன, உருவங்களுக்கு இடம் குறைகிறது. பிறகு எழுத்து மட்டும். பிறகு எழுத்துகூட இல்லை. எழுத்து போலத் தோன்றும் பொடிப்பொடியான கிறுக்கல் வரிவரியாக, பக்கம் பக்கமாக, நோட்டு நோட்டாக நிரம்பிக் கிடக்கிறது. வாசிக்க அதில் ஒன்றும் இல்லை. ராபர்ட் எதுவும் விளக்குவதில்லை. புரட்டிக்கொண்டே போகிறார்.

முதல்முறை அதைப் பார்த்தபோது எழுந்து விளக்கைப் போட்டேன். ஏனென்றால் பித்து என்றால் இதுதான் பித்து. இதைவிட வெறியோடு யாரும் ஒரு தாளை நிரப்ப முடியாது. தினமும் உட்கார்ந்திருக்கிறார், வேறு எதையும் செய்யாமல் இதையே செய்திருக்கிறார், உலகத்தை விட்டுவிட்டிருக்கிறார். கலைஞனைப் பற்றிய படங்கள் கேட்கும் எல்லாத் தகுதியும் சார்ல்ஸிடம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: எழுத்து தன்னைவிட்டு வெளியே போய் இன்னொருவரிடம் சேர்வதற்கான வழி. அது எங்கே அடைபட்டது என்று படம் சொல்வதில்லை. கொடூரமான அப்பா, நோய், மாத்திரை என்று பல காரணங்கள் அங்கங்கே கிடக்கின்றன. படப்பிடிப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் சார்ல்ஸ் தற்கொலை செய்துகொண்டார் என்று கடைசியில் ஓர் அறிவிப்பு வருகிறது.

ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பைத்தியம். ஒருவர் ராபர்ட், ஒருவர் சார்ல்ஸ். இன்னொரு தம்பி மேக்ஸன் ஆணிப்பலகையில் உட்கார்ந்து தியானம் செய்கிறார், தெருவில் பிச்சை கேட்கிறார், படமும் வரைகிறார். பித்துதான் கலையை உண்டாக்குகிறது என்றால் மூன்று பேரும் ராபர்ட் ஆகியிருக்க வேண்டும். பித்து எரிபொருளாக இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். எரிபொருளை மட்டும் ஊற்றினால் வண்டி ஓடாது, வீடுதான் எரியும். இதை எனக்குப் புத்தகங்கள் சொல்லித்தரவில்லை. அந்த நோட்டுகள்தான் சொல்லித்தந்தன.

நான் பாதியில் விட்ட நாவலின் நோட்டுகள் ஊரில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை இப்போது எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சார்ல்ஸோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

5

இதற்கெல்லாம் பிறகுதான் விக்தோர் எரிஸேயின் ‘தி குவின்ஸ் ட்ரீ சன்’ (1992) பார்த்தேன். குவின்ஸ் நம் ஊரில் அதிகம் புழங்காத பழம். மஞ்சளாக, கொஞ்சம் பேரிக்காய் சாயலில் இருக்கும். ஸ்பெயின் ஓவியர் அந்தோனியோ லோபெஸ் கார்ஸியா தன் மாட்ரிட் வீட்டு முற்றத்தில் தானே நட்ட குவின்ஸ் மரத்தை வரைய முயல்கிறார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தின் கதை அவ்வளவுதான்.

1990 செப்டம்பர் கடைசியில் ஆரம்பிக்கிறார். முதலில் சட்டம் அடிக்கிறார், கான்வாஸை இழுத்து மாட்டுகிறார். மரத்தின் முன்னால் நூல் கட்டித் தூக்குக்குண்டு தொங்கவிடுகிறார். கொத்தனார் சுவர் எழுப்பும்போது செய்கிற அதே காரியம். தினமும் அதே இடத்தில் நிற்பதற்காகத் தரையில் இரண்டு ஆணி அடித்து, அதில் ஷூ நுனிகளைப் பொருத்தி நிற்கிறார். இலையிலும் பழத்திலும் வெள்ளைப் பெயிண்டால் சின்னச் சின்னக் கோடு போடுகிறார், எது எங்கே இருந்தது என்று அடையாளத்துக்கு.

இதுவும் பித்துதானே என்று கேட்கலாம். பித்துதான். இலைக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆளை வேறு என்ன சொல்வது. ஆனால் இந்தப் பித்து எதிராளியை மதிக்கிறது. பழம் பழுக்கப் பழுக்கக் கனம் கூடி, கிளை தாழ்கிறது. வெள்ளைக் கோடு நூலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. லோபெஸ் பழத்தைத் தூக்கிக் கட்டுவதில்லை. பழத்தில் புதுக்கோடு போட்டு, தாளில் தன் கோட்டைத் திருத்துகிறார். மறுவாரம் மறுபடி தாழ்கிறது, மறுபடி திருத்துகிறார். மழை வருகிறது, மரத்தின் மேல் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறார். அவர் பிடிக்க நினைத்தது காலை வெயில் இலைகளின் மேல் விழும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை. அந்த வருட வெயில் அதற்கு ஒத்துழைக்கவில்லை. எண்ணெய் வண்ண ஓவியம் பாதியில் நிலவறைக்குப் போகிறது. சரி, வெயில் இல்லாவிட்டால் கோடாவது மிஞ்சட்டும் என்று பென்சிலை எடுக்கிறார். டிசம்பரில் பழங்கள் உதிரத் தொடங்குகின்றன. அதையும் நிறுத்துகிறார்.

அவர் கத்துவதில்லை, எதையும் கிழிப்பதில்லை. விழுந்த பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்.

ஹெர்சாக் மலையைப் பணியவைக்கப் பார்த்தார், லோபெஸ் மரத்துக்குப் பணிந்துபோகிறார் என்று எழுதினால் கேட்க அழகாக இருக்கும். ஆனால் முழு உண்மை அதுவல்ல. லோபெஸும் பிடிவாதக்காரர்தான். போட்டோ எடுத்து வைத்து வரையலாமே என்றால் கேட்கமாட்டார். மரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தனக்கு முக்கியம் என்கிறார். வித்தியாசம் பிடிவாதத்தின் அளவில் இல்லை. தோல்வியை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. ஹெர்சாக்குக்குக் கப்பல் ஏறாவிட்டால் வாழ்க்கையே தோற்ற மாதிரி. லோபெஸுக்கு ஓவியம் முடியாமல் போனது ஓர் இலையுதிர்காலத்துச் செய்தி, அவ்வளவுதான். வானொலியில் வளைகுடா நெருக்கடிச் செய்தி ஓடுகிறது. வீட்டில் போலந்துத் தொழிலாளர்கள் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய நண்பரான ஓவியர் என்ரிக்கே கிரான் வருகிறார். இரண்டு பேரும் மாணவப் பருவத்துக் கதைகள் பேசுகிறார்கள், மரத்தடியில் பழைய பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடிப்பார்க்கிறார்கள். நண்பர் ஒரு குச்சியால் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார், இவர் வரைகிறார். உலகத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாமலே ஒருவர் இவ்வளவு தீவிரமாக வேலை செய்ய முடியும் என்பதை நான் அதுவரை ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

இந்தப் படத்திடமும் என் நண்பனின் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். லோபெஸின் மனைவி மரியா மொரேனோவும் ஓவியர். இந்தப் படத்தின் தயாரிப்பாளரும் அவர்தான். படத்தின் பின்பகுதியில் அவர் வரைகிறார், லோபெஸ் கட்டிலில் படுத்து மாதிரியாக இருக்கிறார், அப்படியே கண்ணயர்கிறார். அழகான தலைகீழ் மாற்றம்: பார்க்கிறவர் பார்க்கப்படுகிறார். ஆனால் அந்த ஓவியம் என்ன ஆயிற்று, அதற்கு அவர் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார், வீட்டு வேலை நடக்கும்போது அவர் வரைய இடம் எங்கே இருந்தது என்பதையெல்லாம் படம் கேட்பதில்லை. மரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்த படம் மரியாவுக்குச் சில நிமிடங்கள்தான் கொடுக்கிறது. எவ்வளவு நல்ல படத்திலும் கேமரா எங்கே நிற்கிறதோ அங்கே ஆணி அடித்துவிடுகிறார்கள்.

6

நம் பக்கம் வருவோம். சத்யஜித் ரேயின் ‘பாலா’ (1976), பாலசரஸ்வதியைப் பற்றிய அரைமணி நேரப் படம். தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தது. ரே தன் 14 வயதில் கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர். படம் எடுக்க நினைத்தது அறுபதுகளில், எடுக்க முடிந்தது பத்து வருடம் கழித்து. அப்போது பாலாவுக்கு 58 வயது.

இந்தப் படத்தைப் பெரும்பாலோர் ரேயின் பலவீனமான படங்களில் ஒன்றாகத்தான் சொல்வார்கள். வர்ணனை தட்டை, கேமரா அசைவதில்லை என்பார்கள். கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே’வுக்கு அவர் அபிநயிக்கும்போது காற்று சேலையையும் தலைமுடியையும் அலைக்கழிக்கிறது. அதை ஏன் அங்கே கொண்டுபோய் எடுத்தார் என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் கடைசிப் பதினோரு நிமிடம் வர்ணம். கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏழு வயதில் அரங்கேற்றத்தின்போது கட்டிய அதே சலங்கையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்.

முந்தைய படங்களோடு வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. கலைஞன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறுகிறான் என்பதுதான் பித்தின் கதை. பாலாவின் கதையில் யாரும் எதையும் விட்டு வெளியேறுவதில்லை. பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் மகளின் ஆட்டத்துக்குப் பாடியவர். ஆசிரியர் கந்தப்பப் பிள்ளை. வீட்டுக்குள்ளேயே தினசரிச் சாதகம். அங்கே கலை என்பது ஒருத்தரின் ஆவேசத்தால் வருவது அல்ல. குளிப்பது, சமைப்பது மாதிரி வீட்டில் நடப்பது. சோறாக்குகிறவர்களும் பாடுகிறவர்களும் ஒரே ஆட்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹெர்சாக் உலகத்தை உதறலாம், உலகம் அவரை உதறவில்லை. பாலா அரங்கேறிய காலத்தில் அந்த ஆட்டத்தையும் அதை ஆடிய சமூகத்துப் பெண்களையும் உதறிவிடத்தான் ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நியாயம் வேறு விவாதம், அதை இங்கே குழப்ப வேண்டாம். ஆனால் அவமானம் சூழ்ந்த இடத்தில் நின்று, அதே சலங்கையை ஐம்பத்தோரு வருடம் காப்பாற்றி வைத்திருப்பதைப் பித்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குச் சாதகம் என்று நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. வெறிக்கு அடுத்த நாள் என்பதே கிடையாது. சாதகம் என்றாலே அடுத்த நாளும் உட்காருவதுதான்.

7

தமிழ் இலக்கிய உலகத்தில் பித்து என்ற சொல்லுக்குத் தனி மவுசு உண்டு. சிவனையே பித்தன் என்று கூப்பிட்ட மரபு நம்முடையது. நவீனச் சிறுகதையின் பெரிய ஆள் தன் புனைபெயரிலேயே பித்தனை வைத்துக்கொண்டார். 1948இல், 42 வயதில், காசநோயில் போனார். அவர் கஷ்டத்தைப் பற்றி நாம் ஒரு மாதிரி பெருமையோடுதான் பேசுவோம். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. அந்த மனைவி கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அந்த வீட்டுக்குள் ஒரு கேமரா போயிருந்தால் அது யார் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். குளூஸோவின் கேமராவா, பிளாங்கின் கேமராவா என்பதைப் பொறுத்தது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. கலைஞனுக்கு வீட்டுக் கணக்கு வைத்து மார்க் போடுகிற ஆளாக நான் மாறிவிட்டேனோ? நாவல் எழுதி முடிக்காதவனின் வயிற்றெரிச்சல் இது என்று நீங்கள் நினைத்தால் என்னால் முழுசாக மறுக்க முடியாது. ‘ஃபிட்ஸ்கரால்டோ’வில் கப்பல் மலைமேல் ஏறும் காட்சி இல்லாத உலகம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காட்சிக்கு ஒரு விலை இருந்தது, அதை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்தாலும் அந்தக் காட்சி சின்னதாகிவிடாது. நம்மைப் பற்றிய கற்பனை வேண்டுமானால் கொஞ்சம் சின்னதாகும். அது நல்லதுதான்.

போன மாதம் நண்பனுக்கு எரிஸேயின் படத்தை அனுப்பிவைத்தேன். இப்போது அவன் வேறு ஊரில், கல்யாணமாகி இருக்கிறான். அந்த வாடகைக் கணக்கை நான் மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான், மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. படம் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்தான். வெள்ளைக் கோட்டைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

“கடைசியில அந்தப் பழத்தை யாராச்சும் சாப்பிட்டாங்களாடா?”

சாப்பிட்டார்கள். கட்டட வேலைக்கு வந்த போலந்துத் தொழிலாளர்கள் ஒன்றை அறுத்து ஆளுக்கொரு துண்டு தின்றுபார்க்கிறார்கள். அப்படியொன்றும் ருசி இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். நான் அந்த இடத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அவன் கேட்கும்வரை அதை நினைத்ததே இல்லை. எத்தனையாவது நிமிடம் என்று தேடி அவனுக்கு எழுதி அனுப்பினேன்.